ஓலையும் குருவியும்

ஆனித் திங்களில் மேல்காற்று வீசத் தொடங்கியதும் எங்கள் ஊர்ச் சிறுவர் அனைவர் கையிலும் ஓலைக்காற்றாடி சுழலும். நான் கூறுவது ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி. அக்காற்றாடிக்குக் காசு வேண்டுவதில்லை; கடைக்குச் செல்லவும் வேண்டுவதில்லை. பனையோலையில் ஒரு சாண் நீளமும் இரு விரல் அகலமும் உள்ள இரண்டு துண்டுகளை நறுக்கிக் கொள்வோம். அவற்றைக் கூட்டற்குறி போல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவே கருவேல முள்ளைச் செருகி, முள்ளின் முனையைச் சோளத்தட்டையின் நெட்டியில் ஊன்றுவோம். பிறகு துண்டுகளின் நான்கு நுனிகளையும் ஒரே முறையாகச் சிறிது முறுக்கிவிட வேண்டும். ஒரு நுனி மாறி முறுக்கப்பட்டாலும் காற்றாடி தயங்கித் தயங்கி நின்றுவிடும். இந்நுட்பத்தை எங்களுக்கு எவரும் நூலில் எழுதிக் காட்டவில்லை. சுழலாத காற்றாடியே கற்பித்தது.

காற்றாடி மட்டுமன்று. நுங்கைத் தின்றபின் எஞ்சும் பனங்காய்க் கூந்தல்கள் இரண்டை ஒரு குச்சியால் இணைத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி ஓடும். பூவரசிலையைச் சுருட்டி முனையை நசுக்கி ஊதினால் குழல் ஒலிக்கும். ஓலையைப் பின்னிச் சிறு கற்களை உள்ளே இட்டால் குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆகும். இவை யாவும் ஓரிரு நாளில் வாடி உதிர்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும். இன்று கடையில் வாங்கும் நெகிழிப் பொம்மை உடைந்த பின்னரும் பல்லாண்டு அழியாது கிடப்பதைக் காணும்போது, அன்று எங்கள் விளையாட்டுப் பொருள்கள் விரைவில் வாடியது ஒரு குறையே அன்று என்று தோன்றுகிறது.

மாணவர்களே! இப்பாடத்தைத் தொடர்ந்து படிக்குமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பூவரசிலை ஒன்றையும், பனையோலைத் துண்டு ஒன்றையும், வரப்போரத்துப் புல்லின் நீண்ட தாள் ஒன்றையும் எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் நகத்தால் சிறிது கீறி, அங்கிருந்து நீளவாட்டில் இழுத்துக் கிழியுங்கள். பூவரசிலை நீங்கள் எண்ணிய வழியில் கிழியாது. கோணி வளைந்து பாதியில் அறுந்து போகும். ஓலையும் புல்லும் அவ்வாறு அல்ல. கீறிய இடத்திலிருந்து நுனிவரை நூல் பிடித்தாற்போல நேராகக் கிழிந்து, நீண்ட நாராக உங்கள் கையில் வந்துவிடும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன? பூவரசிலையில் நரம்புகள் வலை போலப் பின்னிக் கிடக்கின்றன. பனை, தென்னை, நெல், கரும்பு, புல் ஆகியவற்றின் இலைகளில் நரம்புகள் ஒன்றையொன்று வெட்டாமல் அடுத்தடுத்து இணையாக ஓடுகின்றன. தாவர நூலார் முன்னதை வலைப்பின்னல் நரம்பமைவு என்றும், பின்னதை இணைப்போக்கு நரம்பமைவு என்றும் வழங்குவர். இப்பெயர்களை நீங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கலாம். ஆனால் பாய் முடைவோர் ஏன் பூவரசிலையை நாடாமல் ஓலையையும் கோரையையும் நாடுகின்றனர் என்பது, இரண்டையும் கிழித்துப் பார்த்த கைக்கே நன்கு விளங்கும்.

இவ்வுண்மையை அறிந்தாற்போல் நடந்துகொள்ளும் உயிர் ஒன்று நம் வயல்வெளிகளில் வாழ்கின்றது. அதன் பெயர் தூக்கணாங்குருவி. சிட்டுக்குருவியை ஒத்த சிறிய உடலினது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்குருவியின் உச்சியும் மார்பும் பொன்மஞ்சளாக விளங்கும். முகம் கரிய முகமூடி அணிந்தாற்போல் இருக்கும். மற்றைக் காலத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே மங்கிய பழுப்பு நிறத்தில் இருத்தலால், பலர் அவற்றைச் சிட்டுக்குருவி என்றே எண்ணிக் கடந்து செல்வர்.

நெல்வயலின் ஓரத்தில் அசையாது நின்று பார்த்தால் இக்குருவி நார் எடுக்கும் விதத்தைக் காணலாம். தாளின் ஓரத்தை அலகால் கடித்துச் சிறு வெட்டு ஒன்று உண்டாக்கும். பின்பு அவ்விடத்தைக் கவ்விக்கொண்டு பறக்கும். பறக்கும் விசையிலேயே நார் நீளமாகக் கிழிந்து வந்துவிடும். நீங்கள் நகத்தால் செய்ததை அது அலகாலும் இறகாலும் செய்கின்றது. அவ்வாறு கிழிக்கும் நார் பெரும்பாலும் 20 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் உடையது. ஒரு கூடு முடிவதற்கு ஆண்குருவி 500 தடவை வரை இவ்வாறு பறந்து சென்று நார் கொண்டுவரும் என்று கணக்கிட்டுள்ளனர்.

கூடு கட்டும் முறையும் கருதத்தக்கது. பனையோலையின் நுனியிலோ, கருவேலங் கிளையின் மெல்லிய முனையிலோ, பெரும்பாலும் நீரின்மேல் தொங்குமாறு இடம் தேர்ந்து, முதல் நாரைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அலகால் சுற்றி முடியும். அம்முடிச்சின்மேல் மேலும் மேலும் நார்களைப் பின்னிக் கீழ்நோக்கி இறங்கும். ஏறத்தாழ எட்டு நாளில் கூடு ஒரு தலைக்கவசம் போன்ற வடிவத்தைப் பெறும். அதன் அடியில் குறுக்கே ஒரு பட்டை இருக்கும். அந்நிலையில் ஆண்குருவி வேலையை நிறுத்திவிட்டு, அரைகுறைக் கூட்டில் தொங்கியபடி சிறகடித்துக் கூவும். பெண்குருவிகள் வந்து கூட்டை ஆராயும். குறுக்குப் பட்டையில் அமர்ந்து பார்க்கும். நாரை இழுத்தும் பார்க்கும். பிடித்தால் ஒன்று தங்கிவிடும். பிடிக்காவிடின் அக்கூடு அந்நிலையிலேயே நின்றுவிடுவதும் உண்டு. பெண் ஏற்றுக்கொண்ட பின்னரே பட்டையின் ஒரு புறம் முட்டை அறையாகவும், மறுபுறம் கீழ்நோக்கி நீளும் வாயில் குழாயாகவும் முற்றுப்பெறும். தொடக்கம் முதல் முடிவு வரை ஏறத்தாழ 18 நாள் ஆகும்.

இளம் ஆண்குருவிகள் கட்டும் கூடுகள் ஒழுங்கற்றுக் கோணலாக இருக்கும் என்பதையும் கூற வேண்டும். இயல்பிலேயே அமைந்த திறம் எனினும், பழகப் பழகவே அது செம்மை பெறுகின்றது. என் முதற் காற்றாடியும் சுழலவில்லை என்பதை முன்னரே கூறினேன்.

நம் முன்னோர் இக்குருவியை நன்கு அறிந்திருந்தனர். குறுந்தொகையில் உறையூர்ப் பல்காயனார் என்னும் புலவர், நெடிய பனையில் இது பின்னிய கூட்டை உவமையாக எடுத்தாண்டுள்ளார். அங்கே பனை ‘பெண்ணை’ என்றும், குருவி ‘குரீஇ’ என்றும் பழம்பெயரால் வழங்கப்படுகின்றன. அப்பாட்டை நூற்றாண்டுகள் தாங்கி நம் கையில் சேர்த்ததும் பனையோலை ஏடே ஆகும். குருவிக்கு வீடும், சிறுவனுக்குக் காற்றாடியும், புலவனுக்கு ஏடும் ஒரே மரம் தந்தது.

இனி, என் சிறுபருவத்துப் பிழை ஒன்றைச் சொல்லவேண்டியுள்ளது. மழையில் நனைந்த குரங்கிற்கு அறிவுரை கூறப்போய்த் தன் கூட்டை இழந்த தூக்கணாங்குருவியின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அக்கதையை வகுப்பில் எழுந்து நின்று தடையின்றி ஒப்பித்துப் பாராட்டுப் பெற்றவன் நான். அதே ஆண்டில்தான் பின்வருவதும் நிகழ்ந்தது. அப்போது எனக்கு 11 வயது.

எங்கள் பள்ளியில் கைவினைக் கண்காட்சி நடைபெறுவதாக இருந்தது. நான் ஓலைக் கிலுகிலுப்பை ஒன்று பின்னியிருந்தேன். என் வகுப்புத் தோழன் அதனினும் அழகிய கிலுகிலுப்பையும், ஓலைக் கிளிகள் வரிசையாகத் தொங்கும் தோரணமும் கொண்டுவரப் போவதாக அறிந்தேன். எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் மாலை, ஊர்க்கிணற்றின்மேல் சாய்ந்து நின்ற கருவேல மரத்திற்குத் துறட்டுக்கோலுடன் சென்றேன். அதில் பத்துப் பன்னிரண்டு கூடுகள் தொங்கின. அவற்றுள் மிக நீண்டதும் அழகியதுமான ஒன்றை அறுத்தேன். அது கிணற்றில் விழாமல் கரையில் விழுந்தது குறித்து மகிழ்ந்தேன்.

கையில் எடுத்தபோது உள்ளே ஏதோ உருண்டது. வாயில் குழாய் வழியே விரலை விட்டேன், ஈரமாக இருந்தது. மூன்று வெண்முட்டைகள் இருந்திருக்கின்றன; இரண்டு உடைந்திருந்தன. மேலே பார்த்தேன். பெண்குருவி ஒன்று, கூடு தொங்கிய இடத்திற்குப் பறந்து வந்து, அங்கே பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாமையால் சிறகடித்துத் திகைத்து, அடுத்த கிளையில் சென்று அமர்ந்தது. மீண்டும் வந்தது. மீண்டும் சென்றது. நான் எண்ணிக்கொண்டு நிற்கவில்லை. ஆயினும் பலமுறை வந்தது.

அவ்வேளையில் பனையேறும் முதியவர் ஒருவர், பாளை சீவும் அரிவாளை இடுப்பில் செருகியவராய் அவ்வழியே வந்தார். என் கையையும் மரத்தையும் பார்த்தார்.

“தம்பி, உனக்கு ஓலை வேண்டுமானால் என்னிடம் கேட்டிருக்கலாமே! ஒரு மட்டையே வெட்டித் தந்திருப்பேனே!” என்றார்.

“ஓலைக்காக இல்லை, தாத்தா, கண்காட்சிக்காக” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “மரம் கழிக்கும்போது குருவி கட்டிய ஓலையை நான் தொடுவதில்லை. குஞ்சு பறந்தபின் வெட்டிக்கொள்வேன். இருபது நாளில் எனக்கு ஓலை எங்கே ஓடிவிடப் போகிறது?” என்றார்.

“இதனைத் திரும்பக் கட்டிவிடலாமா?” என்று கேட்டேன். நான் அழத் தொடங்கியிருந்தேன் என்று நினைக்கின்றேன்.

“நீ கட்டலாம், அது வராது” என்று கூறிவிட்டு நடந்தார்.

அதன்பின் நான் என்ன செய்தேன் என்பதை மறைத்துப் பயனில்லை. முட்டைகளை மண்ணில் புதைத்துவிட்டுக் கூட்டைக் கண்காட்சிக்குக் கொண்டு சென்றேன். அனைவரும் சூழ்ந்து நின்று வியந்தனர். ஒவ்வொரு பொருளின் கீழும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தனர். அக்கூட்டின் கீழிருந்த சீட்டில் ‘செய்தவர்’ என்ற இடத்தில் என் பெயர் எழுதப்பட்டிருந்தது.

கூட்டையும் முட்டையையும் சிதைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று குற்றமாகும். ஆயினும் அன்று என்னை உறுத்தியது சட்டம் அன்று, அச்சீட்டேயாம்.

பறவைக்குத் தீங்கு செய்த சிறுவர் பின்னாளில் பறவையின் நண்பராய் மாறியதும் உண்டு. சாலிம் அலி (1896–1987) என்னும் பேரறிஞரின் வாழ்க்கை அதற்குச் சான்று. பம்பாயில் சிறுவராக இருந்தபோது அவர் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருத்தலைக் கண்டு, இஃது என்ன குருவி என்று கேட்டார். வீட்டாருக்குத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அதை எடுத்துச் சென்றார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்பார் அதன் பெயரைக் கூறியதோடு நில்லாமல், கழகத்தில் இருந்த பறவைத் தொகுப்பையும் அச்சிறுவருக்குக் காட்டினார். ஒரு கேள்விக்கு விடை தேடிச் சென்றவர் வாழ்நாள் முழுதும் பறவைகளைத் தேடி நடந்தார்.

அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த தொடக்க ஆராய்ச்சிகளுள் ஒன்று நம் தூக்கணாங்குருவியைப் பற்றியதே என்பது வியப்பன்றோ? 1930-ஆம் ஆண்டில், வேலையின்றி இருந்த காலத்தில், பம்பாய்க்கு அருகே கிஹிம் என்னும் கடற்கரை ஊரில் தம் இல்லத்தருகே இருந்த கூடுகளை நாள்தோறும் உற்றுநோக்கிக் குறித்துவந்தார். ஆண்குருவி கூட்டைப் பாதியில் நிறுத்திப் பெண்ணின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதையும், ஒரு கூடு முற்றுப்பெற்றதும் மற்றொன்றைத் தொடங்கி வேறு பெண்ணை அழைப்பதையும் அவர் விளக்கி எழுதினார். அக்கட்டுரை 1931-இல் வெளிவந்தது. குறிப்பேடும் பொறுமையுமே அவருடைய பெரிய கருவிகள். அவ்விரண்டும் உங்களிடமும் உள்ளன. இரண்டாவது சிலரிடம் சற்றுக் குறைவாக இருக்கலாம்.

நீங்களும் ஒரு கூட்டுமரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். முப்பது தப்படிக்கு அப்பால், நிழலில், பேசாது அமருங்கள். பளிச்சிடும் ஆடை வேண்டா. காலைப் பொழுதே ஏற்றது. எத்தனை கூடுகள் உள்ளன, அவற்றுள் கவச நிலையில் நிற்பவை எத்தனை, முற்றுப்பெற்றவை எத்தனை என்று நாளிட்டு எழுதுங்கள். மரத்தின் எத்திசையில் கூடுகள் மிகுதி என்பதையும் நோக்குக. பல இடங்களில் அவை கிழக்குப் பக்கமாக இருப்பதை அறிஞர் கண்டுள்ளனர். தென்மேற்குப் பருவக்காற்றின் வீச்சிலிருந்து மரமே அவற்றிற்குத் தடுப்பாகின்றது என்பர். உங்கள் ஊர் மரத்திலும் அவ்வாறுதானா என்பதை நீங்களே பார்த்து எழுதுதல் வேண்டும். வேறாக இருப்பின் வேறாகவே எழுதுக.

குருவி வரும்வரை பனையையும் பாருங்கள். விசிறி போன்ற ஓலையின் அடிப்புறத்தில், எச்சிலால் இறகும் பஞ்சும் ஒட்டிச் சிறு கூடு கட்டும் பனை உழவாரன் உண்டு. அதற்குப் பின்னத் தெரியாது, ஒட்டத் தெரியும். காய்ந்து தொங்கும் காவோலைகளின் நடுவே அணிலும் வௌவாலும் ஒண்டியிருக்கும். ஒரு பனை பயன்தரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். செங்கற்சூளைக்கு விறகாக அதை வீழ்த்துவதற்கோ ஒரு முற்பகல் போதும். பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. காற்றாடிக்கு ஓலை வேண்டுவோர் மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதை எடுக்கலாம். காய்ந்த ஓலை ஒடியுமே என்று அஞ்ச வேண்டா. நீரில் ஊறவைத்தால் பின்னுவதற்கு இணங்கி வரும். கைவினைஞரும் அவ்வாறே செய்கின்றனர்.

பருவம் முடிந்து வெறுமையாய்த் தொங்கும் கூடுகளையும் அறுத்தல் கூடாது. தினைக்குருவி போன்ற சிறு பறவைகள் அவற்றில் குடிபுகுவது உண்டு. ஆனால் காற்றில் அறுந்து தரையில் விழுந்த கூட்டை எடுத்துக்கொள்ளத் தடையில்லை.

நான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய பள்ளி ஒன்றில், ஒரு மார்கழித் திங்களில், மாணவர் சிலர் அவ்வாறு விழுந்த கூடு ஒன்றைக் கொண்டுவந்தனர். இலக்கண வகுப்பை அன்று ஒத்திவைத்தேன். மேசைமேல் தாளை விரித்துக் கூட்டை மெல்லப் பிரித்தோம். உட்புறத்தில் காய்ந்த மண் உருண்டைகள் ஒட்டியிருந்தன. குருவி மின்மினியைப் பிடித்துவந்து ஈரமண்ணில் பதித்து இரவில் விளக்கேற்றும் என்பது பாட்டிமார் கூறும் கதை. மாணவர்கள் மின்மினியைத் தேடினர். மண் இருந்தது, விளக்கு இல்லை. காற்றில் கூடு மிகுதியாக ஆடாதிருக்கும் பொருட்டு அம்மண் பயன்படலாம் எனக் கருதுவோர் உண்டு என்றேன். “கதை பொய்யா, ஐயா?” என்று ஒருத்தி வருத்தத்தோடு கேட்டாள். “மண் ஒட்டியிருப்பதைப் பார்த்தவர்தாம் அக்கதையைக் கட்டியிருக்க வேண்டும், அம்மா” என்றேன்.

நார்களை எண்ணத் தொடங்கினோம். ஆயிரத்தைத் தாண்டியதும் மணி அடித்துவிட்டது. கூட்டில் பாதிக்குமேல் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. ஒரு சீட்டில் ‘கிடைத்த இடம்: ஓடைக்கரைப் பனையடி’ என்றும், நாளும், அதன்கீழ் ‘செய்தவர்: தூக்கணாங்குருவி’ என்றும் எழுதி ஒட்டினர்.

அம்மாணவருள் ஒருவன், பிரித்த நார்களில் ஒரு பிடி எடுத்து, அவற்றைக் கொண்டு கூட்டின் சிறு பகுதியையேனும் பின்னிவிடுவதாகச் சொன்னான். அவனுக்குப் பத்து விரல்கள் இருந்தன, பசையும் கேட்கவில்லை. மூன்று நாள் முயன்றான். கையை எடுத்ததும் பின்னல் அவிழ்ந்து போயிற்று. நான்காம் நாள் மாலை, வகுப்பு முடிந்து அனைவரும் சென்றபின், அவன் நார்களை ஒரு கிண்ணத்து நீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தான். “குருவி பச்சை நாரில் அல்லவா பின்னுகிறது, ஐயா! நான் காய்ந்த நாரில் பின்னினேன். நாளைக்குப் பார்க்கிறேன்” என்று கூறி, கிண்ணத்தைச் சன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குச் சென்றான்.